யார் இந்த ஹவா சிங்? ஒலிம்பிக் போகாத ஹெவிவெயிட் சாம்பியன்

ராணுவ வீரர் ஒருவர் இன்றைக்கு பாக்ஸிங்கில் ஒலிம்பிக் வரை போகணும்னு நினைத்தால், அதற்கென்றே புனேவில் ராணுவ விளையாட்டு நிறுவனம் இருக்கிறது. தொடங்கியது 2001-ல். ராணுவத்தின் மிகப்பெரிய ஹெவிவெயிட் வீரர் ஹவா சிங் இறந்ததோ அதற்கு முந்தைய ஆண்டு.

1937-ல் இன்றைய ஹரியானாவின் உமர்வாஸ் கிராமத்தில் பிறந்தவர், 1956-ல் ராணுவத்தில் சேர்ந்தார். 1961-ல் தொடங்கி தொடர்ந்து 11 முறை தேசிய சாம்பியன். 1966, 1970 ஆசியப் போட்டிகள் இரண்டுமே பாங்காக்கில் நடந்தன, இரண்டிலும் தங்கம். அடுத்தடுத்து இரண்டு ஆசியத் தங்கம் வென்ற இந்திய ஆண் குத்துச்சண்டை வீரர் வேறு யாரும் இல்லை.

ஒலிம்பிக் கணக்கைப் பார்த்தால் மட்டும் சைபர். தோற்றதால் இல்லைங்க. அவர் உச்சத்தில் இருந்த காலத்தில் வந்த 1964 டோக்கியோ, 1968 மெக்சிகோ இரண்டுக்கும் இந்தியா ஒரு பாக்ஸரைக்கூட அனுப்பவில்லை. மோதிப் பார்க்கும் வாய்ப்பே கிடைக்காமல் போனதுதான் உறுத்துகிறது.

பிறகு பிவானியில் பயிற்சியாளர் ஆனார். அந்த ஊர் பாக்ஸிங் ஊராக மாறியதில் அவர் பங்கு பெரிது. துரோணாச்சாரியா விருது அறிவிக்கப்பட்டது. வாங்க 15 நாள் இருக்கும்போது, 2000 ஆகஸ்ட் 14-ல் காலமானார். விருதை மனைவி அங்கூரி தேவிதான் பெற்றுக்கொண்டார். 2008-ல் பாக்ஸிங்கில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை வென்ற விஜேந்தர் சிங்கும் பிவானிக்காரர்தான்.