ஸர் டீட்ரிக் பிராண்டிஸ்

சேலம், நாமக்கல் சமவெளியில் நின்று நோக்குவார்க்கு வடபால் சேர்வராயன் மலையும் கீழ்பால் கொல்லிமலையும் நீலத்திரை போலத் தோன்றும். அம்மலைச் சாரல்களில் பட்டு வீழ்ந்த மரங்களைத் தலைமுறை தலைமுறையாக நம்மவர் விறகென்றே அறிந்தனர். இன்றைய அறிஞரோ, அக்கட்டைகள் மட்கி முடியுமுன் கார்பன் என்னும் கரிப்பொருளை எத்துணை அடக்கி வைத்திருக்கின்றன என்று கணக்கிடுகின்றனர். காட்டை அளந்தறியும் அக்கலையை இந்நாட்டில் வேரூன்றச் செய்த பெரியாரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி வரைவோம்.

ஸர் டீட்ரிக் பிராண்டிஸ் 1824-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31-ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள பான் நகரில் பிறந்தார். தந்தையார் தத்துவப் பேராசிரியர். மைந்தர் தாவர நூலைத் தேர்ந்து, அந்நகரப் பல்கலைக்கழகத்திலேயே அதனைப் போதித்தார். அவர் மணந்த ராக்கேல் அம்மையார், சீராம்பூர்க் கல்லூரியை நிறுவியோருள் ஒருவரான ஜாஷுவா மார்ஷ்மன் பாதிரியாரின் புதல்வி. அவ்வுறவின் வழியே பிராண்டிஸின் திறமை டல்ஹௌசி பிரபுவின் செவிக்கு எட்டிற்று. 1856-இல் அவர் பர்மாவின் பெகு நாட்டுத் தேக்கங்காடுகளுக்குக் கண்காணிப்பாளரானார்.

எல்லை காணாத அக்காட்டில் மரங்களை ஒவ்வொன்றாய் எண்ணுவது எங்ஙனம்? பிராண்டிஸ் ஓர் எளிய உபாயம் கண்டார். யானைமீதமர்ந்து ஒரு நெறியே செல்வார். நெறியின் இருமருங்கும் தோன்றும் தேக்குகளைப் பருமனுக்கேற்ப வகுத்து, வகைக்கொரு மூங்கிற் குச்சியில் பேனாக்கத்தியால் வெட்டுக்குறி இடுவார். ஒரு பகுதியின் எண்ணிக்கையைக் கொண்டு முழுக்காட்டின் இருப்பையும் மதிப்பிட்டார். ஆறடிச் சுற்றளவுள்ள பெருமரங்கள் வெட்டப்படின், இளமரங்கள் அப்பருமனை எய்த எத்தனை ஆண்டாகும் என்று கணித்து, வளர்வதற்கு மிகாமல் வெட்டுக என்று விதித்தார். மரவணிகர் வெகுண்டனர், அவர் தளர்ந்தாரல்லர்.

1864-இல் இந்தியா முழுமைக்கும் முதல் வனத்துறைத் தலைவராயினார். 1878-இல் டேராடூனில் வனக்கலைப் பள்ளி தோன்றியது அவர் முயற்சியாலேயாம். 1881-இல் நம் சென்னை மாகாணத்திற்கு வந்து காடுகளைச் சுற்றிப் பார்த்து ஆலோசனை கூறினார்; மறு ஆண்டிலேயே சென்னை வனச்சட்டம் பிறந்தது. அச்சட்டமே இன்றளவும் நம் மலைக்காடுகளை ஆளுகின்றது.

சட்டத்தால் காடு பிழைத்தது. ஆயினும் காய்ந்த சுள்ளி பொறுக்கிய ஏழைக்கும் அனுமதிச்சீட்டு வேண்டுவதாயிற்று. கிராமத்தார்க்கென்று தனிக்காடுகள் ஒதுக்கி, அவற்றை அவர்களே பேணுமாறு செய்தல் வேண்டுமென்று பிராண்டிஸ் வற்புறுத்தியிருந்தார். அரசாங்கம் அவர்தம் அளவுகோலை ஏற்ற அளவிற்கு அக்கருத்தை ஏற்கவில்லை. அதன் துன்பத்தை மலையடிவாரத்து மக்கள் நெடுங்காலம் சுமந்தனர்.

பிராண்டிஸ் காலத்துக் கணக்கு விலைபெறும் மரத்தின் கணக்கு. மட்கும் கட்டையின் கரியை அன்று எவரும் எண்ணினாரல்லர். 1981-இல் டேராடூனில் அமைந்த இந்திய வன அளவை நிறுவனமோ, உயிர்மரம், வேர், சருகு, மண் என்பவற்றோடு பட்ட மரத்தின் கரியையும் தனியே மதிப்பிடுகின்றது. காட்டினூடே ஒரு நேர்கோடு வகுத்து, அதன் குறுக்கே கிடக்கும் கட்டைகளின் விட்டத்தை அளப்பது ஒரு முறை. பின்னர்க் கத்தியால் கட்டையை வெட்டிப் பார்ப்பர். கத்தி ஏறாதாயின் கட்டை திண்ணியது. எளிதில் புதையுமாயின் காளானும் கறையானும் அதன் பொருளைப் பெரிதும் உண்டுவிட்டன. பருமன் ஒன்றேயாயினும் மட்கிய கட்டையின் எடை குறைவு. உலர்ந்த எடையில் ஏறத்தாழப் பாதியே கரி. அன்று மூங்கிலில் குறியிட்ட கத்தி, இன்று மட்கிய மரத்தின் நிலையை உரைக்கின்றது.

பிராண்டிஸ் 1883-இல் ஓய்வு பெற்றார். முதுமையிலும் உழைப்பொழியாது இந்திய மரங்களைப் பற்றிய பெருநூலை 1906-இல் வெளியிட்டு, மறு ஆண்டு மே மாதம் 28-ஆம் நாள் பான் நகரில் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! எண்ணப்படாத பொருள் காக்கப்படுவதில்லை; இது பிராண்டிஸின் செயல் கற்பிக்கும் பாடம். அக்காட்டை நம்பி அடுப்பெரித்தோரையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும். இது நிறைவேறாத அவர் விருப்பம் கற்பிக்கும் பாடம். நாளை நம்முள் எவரேனும் அளவுநாடாவும் கத்தியும் ஏந்திக் கொல்லிமலை ஏறுவாராயின், இவ்விரண்டையும் மறவாதிருப்பாராக.