சொற்களுக்குச் சான்று தேடியவர்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடி மலைக்குச் செல்வோர் அடிவாரத்திலே கல்லாற்றைக் காண்பர். உருண்ட பெருங்கற்களினூடே தெளிந்த நீர் ஓடும் அவ்வாற்றின் பெயரைத் தமிழர்க்கும் மலையாளிகட்கும் எவரும் விளக்க வேண்டுவதில்லை. மேட்டுப்பாளையத்தருகே ஒரு கல்லாறு உண்டு. ஈழத்து மட்டக்களப்பிலும் உண்டு. இத்தகைய சொற்கள் அகராதி செய்வோரை வருத்துவதில்லை. பல பொருள் தந்து மயக்கும் சொற்களும், எந்நூலில் வந்தன என்று சான்று காட்ட இயலாச் சொற்களுமே அவர்தம் உறக்கத்தைக் கெடுப்பன. அவற்றோடு பல்லாண்டு போராடிய பெரியார் ஒருவர், திருவனந்தபுரத்து நீதிமன்றத்திலே வழக்குரைத்து வந்தவர் என்பதை இன்று நம்மிற் பலர் அறியார். அவரே எஸ். வையாபுரிப் பிள்ளை.

நெல்லைச் சீமையில் 1891 அக்டோபர் 12 அன்று பிறந்த அவர், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றுத் திருவனந்தபுரத்திலே சட்டம் பயின்று அங்கேயே சில ஆண்டுகள் தொழில் நடத்தினார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் நட்பு அந்நாளிற் கிட்டிய செல்வமாகும். அந்நகரப் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை இயற்றிய மனோன்மணீயத்தை 1922-இல் ஆராய்ந்து பதிப்பித்தார். பின்னர் நெல்லையிலும் வழக்கறிஞராக இருந்தார்.

அக்காலத்தே சென்னைப் பல்கலைக் கழகம் ஒரு பேரகராதியைத் தொடங்கி இடர்ப்பட்டுக் கொண்டிருந்தது. 1862-இல் வெளிவந்த வின்சுலோ அகராதியில் 67,452 சொற்கள் இருந்தன. அதனினும் விரிந்ததொன்று வேண்டுமென்று போப்பையர் முதலானோர் விழைந்தமையால், 1913-இல் சாண்ட்லர் பாதிரியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பணி தொடங்கிற்று. ஆண்டுகள் உருண்டன, ஆசிரியர் மாறினர், அச்சேறியதோ சிறுபகுதியே. 1926 நவம்பரில் அப்பொறுப்பு, முப்பத்தைந்து வயதே நிரம்பிய நம் வழக்கறிஞரிடம் வந்தது.

இப்பணியின் அருமையை உணர, முன்னைய நிலையை நாம் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். நம் முன்னோர் நிகண்டுகளை மனப்பாடம் செய்தனர். அவை பெரும்பாலும் பொருள்வகையாகச் சொற்களைத் தொகுத்த செய்யுள் நூல்கள். 1594-இல் இரேவண சித்தர் அகராதி நிகண்டு செய்தார். 1732-இல் வீரமாமுனிவரின் சதுரகராதி தோன்றிற்று. எனினும் ஒரு சொல் இந்நூலில் இவ்விடத்தில் இப்பொருளில் வந்தது என்று மேற்கோளோடு நிறுவும் முறை பேரகராதியிலேதான் முழுதாக நிலைபெற்றது. ஏட்டுச் சுவடிகளைப் புரட்ட வேண்டும். கல்வெட்டுகளைப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்து வழக்கு, நெல்லை வழக்கு, நாஞ்சினாட்டு வழக்கு என்று பிரித்துக் குறிக்க வேண்டும். பிழைபட்ட பதிப்பை நம்பினால் இல்லாத சொல்லொன்று அகராதியில் ஏறிவிடும். அதனாற்போலும், வையாபுரிப் பிள்ளை அகராதி வேலைக்கு நடுவே நாமதீப நிகண்டு, அரும்பொருள் விளக்க நிகண்டு ஆகியவற்றையும் சுவடிகளிலிருந்து பதிப்பித்தார். சான்றில்லாத கூற்றை ஏலாத நீதிமன்றப் பழக்கம் அவர்க்கு இங்கே கைகொடுத்தது என்று நாம் கருதுகிறோம்.

1936-இல் ஆறு தொகுதிகளும் முற்றுப்பெற்றன. சொற்கள் 1,04,405. விடுபட்ட 13,000-க்கும் மேற்பட்ட சொற்களோடு 1939-இல் அநுபந்தம் வெளிவந்தது. பெருந்தொகுதியை முடித்தவர் அதிற் குறையுண்டு என்று தாமே ஒப்பி மற்றொரு தொகுதி தேடித் தருவது எளிதன்று.

போற்றுதலோடு தூற்றுதலும் வந்தது. தூய தமிழ்ச் சொற்கள் பலவற்றை வடசொல்லெனக் குறித்துவிட்டனர் என்று தேவநேயப் பாவாணர் கடுமையாகச் சாடினார். 1974-இல் அரசு தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு அவரே இயக்குநரானார். அவர் காட்டிய பிழைகளுட் சில பிழைகளே. ஆயினும் போதி, தேரர், விகாரை முதலிய சொற்களை நாளும் வழங்கும் நாம், சொல் வந்த வழியைச் சொல்வது சொல்லை இகழ்வதாகாது என்பதை அறிவோம்.

நூல்களின் காலம் பற்றிய அவர் முடிவுகளோ இன்னும் பெரிய புயலை எழுப்பின. தொல்காப்பியத்தையும் திருக்குறளையும் பிற்காலத்தன என்றார். நாம் உயிரினும் போற்றும் மணிமேகலையையும் சங்க காலத்தினின்று பிரித்துக் கீழே கொணர்ந்தார். அதனை முதன்முறை படித்தபோது நமக்கும் மனம் கசந்தது. மீண்டும் படித்தோம். தாம் விரும்பிய முடிவுக்கு அவர் தாவியதாகத் தெரியவில்லை. சொல்லையும் சொல்வடிவையும் எடுத்து வைத்தே வாதிடுகிறார். இன்றைய ஆராய்ச்சியாளர் அவர் கணித்த காலங்கள் பலவற்றை ஏற்பதில்லை. நாமும் எல்லாவற்றையும் ஏற்கவில்லை. மறுப்போர் அவரைப்போலச் சான்றோடு மறுக்க வேண்டும் என்பதே நம் விருப்பம். அந்நாளில் வசையோடு மறுத்தவரும் உண்டு.

1936 முதல் 1946 வரை சென்னைப் பல்கலைக் கழகத் தமிழ்த் துறைக்குத் தலைவராயிருந்த அவர், 1951-இல் தாம் வழக்குரைத்த நகருக்கே மீண்டும் சென்று, திருவிதாங்கூர்ப் பல்கலைக் கழகத்தில் 1954 வரை தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். அவர் அங்கிருந்த நாளிலேயே, 1953-இல், அப்பல்கலைக் கழகம் சூரநாடு குஞ்ஞன் பிள்ளையை ஆசிரியராகக் கொண்டு மலையாளப் பேரகராதிப் பணியைத் தொடங்கிற்று. அதன் முதற்றொகுதி 1965-இல் வெளிவந்தபோது அவர் இல்லை. 1956 பிப்ரவரி 17 அன்று அவர் மறைந்தார். வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் சுவடிகளும் கல்கத்தாத் தேசிய நூலகத்தைச் சேர்ந்தன.