தராசு பிடித்த குண்டு ஜட்ஜ்

ஆபிரகாம் லிங்கனைத் தெரியாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. ஆனால் அவரை ஜனாதிபதி நாற்காலி வரைக்கும் தள்ளிக்கொண்டுபோன ஒரு ஜட்ஜை எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாதுதான். லைப்ரரியில் வேறு எதையோ தேடப்போய்க் கண்ணில் பட்டவர் டேவிட் டேவிஸ். பேரும் டேவிட்டு, அதுக்குப் பின்னாடியும் டேவிஸா என்று சிரித்துக்கொண்டேதான் படிக்க ஆரம்பித்தேன்.

1815-ல் மேரிலாண்டில் பிறந்தவர். பிறப்பதற்கு முன்பே அப்பா காலமாகிவிட்டார். கென்யன் கல்லூரிப் படிப்பு, பிறகு சட்டம். இருபது வயதில் இல்லினாய் மாநிலத்துக்கு வந்து, ப்ளூமிங்டன் ஊரில் வக்கீலாக உட்கார்ந்தார். 1844-ல் மாநில சட்டசபைக்குத் தேர்வானார். 1848-ல் எட்டாவது சர்க்யூட் நீதிபதி.

சர்க்யூட் என்றால் நம்ம எலக்ட்ரிகல் சர்க்யூட் இல்லை! வழக்குக்காரன் கோர்ட்டைத் தேடி வரமாட்டான். கோர்ட்தான் ஊர் ஊராகப் போகும். ஜட்ஜும் வக்கீல்களும் குதிரையிலும் வண்டியிலும் சேற்றில் மாட்டிக்கொண்டு, வருஷத்துக்கு இரண்டு தடவை அத்தனை ஊரையும் சுற்றி வருவார்கள். ராத்திரி சத்திரத்தில் ஒரே கட்டிலில் இரண்டு வக்கீல்கள் படுக்கணும். டேவிஸுக்கு மட்டும் தனிக்கட்டில். காரணம் பதவி இல்லை, எடை! சுமார் 136 கிலோ. அந்த வக்கீல் கூட்டத்தில் ஒருவர்தான் லிங்கன். டேவிஸ் வராத நாளில் சில சமயம் லிங்கனையே தன் நாற்காலியில் உட்காரவைத்து விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்.

1860-ல் சிகாகோவில் குடியரசுக் கட்சி மாநாடு. எல்லாரும் சீவர்டுதான் வேட்பாளர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். டேவிஸ் ஹோட்டலில் ரூம் போட்டு, ஒவ்வொரு மாநிலப் பிரதிநிதியாகப் பிடித்துப் பேசினார். மூன்றாவது சுற்றில் லிங்கன் ஜெயித்தார். பேரம் பேசி மந்திரி பதவி தருவதாகச் சொன்னாரா என்பது இன்றும் சர்ச்சைதான். நல்லவர்தான், ஆனால் அரசியல் தெரிந்த நல்லவர்!

1862-ல் லிங்கன் அவரை சுப்ரீம் கோர்ட் நீதிபதியாக்கினார். 1865-ல் லிங்கன் சுடப்பட்டதும், அவர் சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு டேவிஸிடம் வந்தது. சுமார் 1,10,000 டாலர். தனக்குச் சேரவேண்டிய கூலியைக்கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவு நட்பு. இப்போது கேளுங்கள். உள்நாட்டுப் போர் நடந்தபோது, இண்டியானாவில் மில்லிகன் என்ற அரசு எதிர்ப்பாளரை ராணுவ விசாரணைக் குழு விசாரித்துத் தூக்குத் தண்டனை கொடுத்திருந்தது. அப்படி விசாரிக்க வழி செய்தது லிங்கனின் அரசு. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. 1866-ல் தீர்ப்பு எழுதியவர் டேவிஸ். சாதாரண கோர்ட் திறந்திருக்கும் இடத்தில் ராணுவம் குடிமகனை விசாரிக்கக் கூடாது என்று எழுதிவிட்டார். செத்துப்போன சிநேகிதன் செய்ததே தப்பு என்று எழுத எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும்!

ஆனால் 1877-ல்? ஜனாதிபதி தேர்தலில் டில்டனுக்கு 184 ஓட்டு, ஜெயிக்க 185 வேணும். தகராறில் கிடந்தது 20 ஓட்டு. தீர்க்க 15 பேர் கமிஷன்: இந்தக் கட்சி 7, அந்தக் கட்சி 7, நடுவில் யார் பக்கமும் சாயாத டேவிஸ் வருவார் என்று எல்லாரும் நம்பினார்கள். அந்த நேரம் பார்த்து இல்லினாய் சட்டசபை அவரை செனட்டராகத் தேர்ந்தெடுத்தது. அதைக் காரணம் காட்டி அவர் கமிஷனுக்கு வரவில்லை. வேறொரு நீதிபதி வந்தார். 8-க்கு 7 என்று ஹேய்ஸ் ஜனாதிபதி. சில வாரத்தில் தெற்கு மாநில அரசுகளுக்குக் காவலாக நின்ற மத்திய ராணுவம் விலகியது; கறுப்பின மக்கள் பாதுகாப்பில்லாமல் நின்றார்கள். டேவிஸ் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாருக்குத் தெரியும். ஆனால் இருந்திருக்கணும்.

சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? யூனியன் எலக்‌ஷனில் ஓட்டு எண்ண என்னைக் கூப்பிட்டார்கள். நின்ற இரண்டு பேருமே என் சிநேகிதர்கள். தலைவலி என்று ஹாஸ்டலில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். தலைவலியெல்லாம் ஒண்ணும் இல்லை.

செனட்டிலும் டேவிஸ் எந்தக் கட்சியிலும் ஒட்டவில்லை. 1881-ல் கார்ஃபீல்டு கொல்லப்பட்டு ஆர்தர் ஜனாதிபதியானபோது துணை ஜனாதிபதி கிடையாது. செனட்டின் தற்காலிகத் தலைவரான டேவிஸ்தான் அடுத்த வரிசையில் இருந்தார்! 1883-ல் ஊர் திரும்பி, 1886-ல் ப்ளூமிங்டனில் காலமானார். 1872-ல் கட்டிமுடித்த அவர் வீடு பிறகு அருங்காட்சியகமாகிவிட்டது. அங்கே அவர் படுத்த கட்டில் எத்தனை பெரிசு என்று ஒருநாள் பார்த்துவிட்டு வரணும்.