ஒட்டகச்சிவிங்கி கழுத்துக்கு காரணம் சொன்ன லாமார்க்... எபிஜெனெடிக்ஸ் அவரை ஜெயிக்க வைத்ததா?

பள்ளி உயிரியல் பாடத்தில் லாமார்க்கைப் படித்திருப்போம். உயரத்தில் இருக்கும் இலையை எட்டி எட்டித் தின்றதால் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து நீண்டது, அந்த நீளம் குட்டிகளுக்கும் போனது என்று சொன்னவர். அது தப்பு என்று பாடமும் முடிந்துவிடும். ஆனா, எபிஜெனெடிக்ஸ் பற்றிப் பேச்சு வந்தாலே அவர் பெயர் மறுபடி அடிபடுகிறது. ஏன்?

யார் இந்த லாமார்க்?

1744-ல் வடக்கு பிரான்ஸில், பட்டம் இருந்தும் பணமில்லாத பிரபுக் குடும்பத்தில் 11-வது பிள்ளையாகப் பிறந்தார். அவரைப் பாதிரியார் ஆக்க நினைத்தார் அப்பா. அப்பா இறந்ததும் 17 வயதில் ராணுவத்துக்குப் போய்விட்டார். போரில் காட்டிய துணிச்சலுக்கு அதிகாரி பதவியும் கிடைத்தது. ஆனால் கழுத்தில் ஏற்பட்ட பாதிப்பால் ராணுவத்தை விட்டு விலக வேண்டியதாயிற்று.

பாரிஸ் வந்து வங்கியில் வேலை பார்த்தார், மருத்துவம் படித்தார். மனசு என்னவோ செடி கொடிகள் மேலேயே இருந்தது. பிரான்ஸ் நாட்டுத் தாவரங்கள் பற்றி அவர் எழுதிய நூல், 1779-ல் அறிவியல் அகாடமியில் இடம் வாங்கித் தந்தது.

1793-ல், 50 வயதை நெருங்கும்போது, பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பூச்சி, புழுக்களுக்கான பேராசிரியர் ஆனார். தாவரம் படித்தவருக்கு அது புதுத் துறை. ஆனாலும் 'முதுகெலும்பற்றவை' என்ற வகைப்பாட்டையே உலகுக்குக் கொடுத்தார்.

1809-ல் வந்த நூலில் தன் கொள்கையை விளக்கினார். சூழல் மாறினால் பழக்கம் மாறும், பழக்கம் மாறினால் உடல் மாறும், அது வாரிசுக்கும் போகும் என்பதுதான் சாரம். டார்வின் பிறந்ததும் அதே வருஷம்தான்.

கடைசிக் காலத்தில் பார்வை போனது. மகள்தான் அவர் சொல்லச் சொல்ல எழுதினார். 1829-ல் வறுமையில் இறந்தவருக்கு வாடகைக் கல்லறைதான் கிடைத்தது. பிறகு எலும்புகளும் அங்கிருந்து அகற்றப்பட்டன. சக விஞ்ஞானி குவியே எழுதிய அஞ்சலி உரையே அவரை மட்டம் தட்டியது. பிற்பாடு வைஸ்மான் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 5 தலைமுறை எலிகளின் வாலை வெட்டிப் பார்த்தார். எல்லாக் குட்டியும் வாலோடுதான் பிறந்தது.

எபிஜெனெடிக்ஸ்னா என்ன?

இந்தச் சொல்லை 1942-ல் அறிமுகப்படுத்தியவர் பிரிட்டிஷ் விஞ்ஞானி வாடிங்டன். டி.என்.ஏ.வின் எழுத்து மாறாது. அதன் மேல் ஒட்டும் மெத்தில் போன்ற ரசாயனக் குறிகள், எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யணும் என்பதை மாற்றும். புகைபிடிப்பவர்களின் ரத்தத்தில் இந்தக் குறிகள் மாறியிருக்கும். பழக்கத்தை விட்டால் பல குறிகள் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும்.

1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம். அப்போது கருவில் உருவானவர்களை 60 வருஷம் கழித்துச் சோதித்தார்கள். வளர்ச்சியோடு தொடர்புள்ள ஒரு மரபணுவில், அவர்களுடைய உடன்பிறந்தவர்களைவிட மெத்தில் குறிகள் குறைவாக இருந்தன.

அப்போ லாமார்க் சொன்னது சரியா?

முழுசா இல்லை. பஞ்சத்தில் உருவான அந்தக் குழந்தைகள் கருவிலேயே நேரடியாகப் பாதிக்கப்பட்டவர்கள். அடுத்தடுத்த தலைமுறைக்குப் போவது வேறு விஷயம். விந்து, முட்டை உருவாகும்போதும் கருவின் தொடக்கத்திலும் பெரும்பாலான குறிகள் அழிந்துவிடும். தாவரங்களிலும் சில விலங்குகளிலும் சில குறிகள் தப்பிப்பது தெரிந்திருக்கிறது. மனிதர்களில் அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அப்பா ஜிம்முக்குப் போய் ஏற்றிய புஜம் பிள்ளைக்கு வராது.

ஆக, லாமார்க் சொன்ன விளக்கம் தோற்றதுதான். சூழலும் பழக்கமும் உடலுக்குள் எவ்வளவு ஆழமாகப் போகும் என்ற அவருடைய கேள்விக்கு மட்டும் ஆய்வுக்கூடங்கள் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கின்றன.