ஞானபீடம் ஏறிய முதல் தமிழர்: அகிலன்

இந்திய மொழிகளில் எழுதுவோர் பெறக்கூடிய மிக உயரிய இலக்கிய விருதாகக் கருதப்படுவது ஞானபீடம். 1961இல் நிறுவப்பட்ட இவ்விருதை 1965இல் முதன்முதலாகப் பெற்றவர் மலையாளக் கவிஞர் ஜி. சங்கர குறுப்பு. தமிழுக்கு அப்பெருமை கிட்டப் பத்து ஆண்டுகள் ஆயின. 1975ஆம் ஆண்டுக்கான விருது ‘சித்திரப்பாவை’ நாவலுக்கு அறிவிக்கப்பட்டது. அதைப் படைத்தவர் அகிலன்.

புதுக்கோட்டை வட்டாரத்துப் பெருங்களூரில் 27 ஜூன் 1922இல் பிறந்த அகிலாண்டம்தான் பின்னாளில் அகிலன் ஆனார். இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். விடுதலைப் போராட்ட வேகம் அவரையும் ஈர்த்தது. பிழைப்புக்காக ரயில்வே அஞ்சல் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். அவருடைய முதல் நாவல் ‘பெண்’, கலைமகள் இதழின் நாவல் போட்டியில் பரிசு பெற்றது. 1958இல் முழுநேர எழுத்தாளராவதற்காக அரசு வேலையை உதறினார். மாதச் சம்பளத்தை விட்டுப் பேனாவை நம்புவது அன்று எத்தகைய துணிச்சல் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! பின்னர் சென்னை வானொலி நிலையத்திலும் பணியாற்றினார்.

இராசேந்திர சோழனை நாயகனாகக் கொண்ட ‘வேங்கையின் மைந்தன்’ அவருக்கு 1963இல் சாகித்திய அகாதமி விருதைப் பெற்றுத் தந்தது. அச்சோழன் படையெடுத்த கடாரம், நம் கெடாதான்! ‘பாவை விளக்கு’ நாவல் 1960இல் சிவாஜி கணேசன் நடிக்கத் திரைப்படமானது.

‘சித்திரப்பாவை’ ஓவியன் அண்ணாமலையின் கதை. கலையைக் காசாக்கும் உலகுக்கும் கலையை வாழ்வாக நினைப்பவனுக்கும் இடையே நடக்கும் போராட்டமே அந்நாவல். அதற்கு ஞானபீடம் கிடைத்ததை எல்லாரும் ஏற்கவில்லை. அகிலனின் எழுத்து வாரப் பத்திரிகை வாசகரை மகிழ்விப்பது, ஆழமற்றது என்ற குரல்கள் எழுந்தன. சுந்தர ராமசாமி அவ்விருதைக் கடுமையாக விமர்சித்தார். தீவிர இலக்கியம் வாசிப்போர் இன்றும் அந்த விமர்சனத்தை நினைவுகூர்வதுண்டு.

அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு என்றே நானும் கருதுகிறேன். அகிலனின் மாந்தர்கள் சில இடங்களில் அளவுக்கு மீறி நல்லவர்கள். அவர்களின் பேச்சு சில வேளைகளில் மேடைப்பேச்சாகிவிடுகிறது. ஆயினும் அதோடு அவரை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணம், ‘பால்மரக் காட்டினிலே’.

மலேசியாவுக்கு வந்து, தோட்டத் தமிழரின் வாழ்வை நேரில் கண்டு, 1970களில் அவர் எழுதிய நாவல் அது. கோப்பெங் வட்டாரத்தில் என் பாட்டி பால்மரம் சீவிய தோட்டத்தில் இன்று செம்பனைதான் நிற்கிறது. லயங்களும் இல்லை. பாட்டிக்கு எழுத்து தெரியாது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, பின் தேசியப் பள்ளிக்குச் சென்ற நான்தான் அந்நாவலை அவருக்கு வாசித்துக் காட்டினேன். சில பக்கங்கள் கேட்டதும், இவர் எந்தத் தோட்டத்து ஆள் என்று விசாரித்தார். தமிழ்நாட்டுக்காரர் என்றதை அவர் எளிதில் நம்பவில்லை. எந்தத் தேர்வுக் குழுவிலும் என் பாட்டி போன்றவர்களுக்கு இடமில்லை. ஆனால் அன்று அவர் அளித்ததும் ஒரு விருதுதான் என்பேன்.

அகிலன் 1988இல் மறைந்தார். 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் ஜெயகாந்தனுக்குக் கிடைத்தது. விருதுப் பட்டியல்கள் நீளும். ஆனால் நம் தோட்டங்கள் மறைந்துவருகின்றன. அங்கு வாழ்ந்தவர்களும் மூப்படைந்துவிட்டார்கள். கடல் கடந்து வந்தவர் நம் கதையை எழுதினார். மீதிக் கதையை எழுத வேண்டியவர்கள் நாமல்லவா, தோழர்களே?