ஏழைப் பிள்ளைகளின் எலும்பு டாக்டர் ராபர்ட் ஜோன்ஸ்

பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டு விரலுக்கு நேர் பின்னால் உள்ள எலும்பு முறிவதற்கு ஜோன்ஸ் முறிவு என்று பெயர். கால்பந்து, கூடைப்பந்து வீரர்களைப் பல மாதம் ஆட விடாமல் உட்கார வைக்கும் முறிவு இது. அந்தப் பெயருக்கு உரியவர் இங்கிலாந்து நாட்டு எலும்பு மருத்துவத்தின் தந்தை எனப்படும் டாக்டர் ராபர்ட் ஜோன்ஸ்.

ஆனால் அவர் புகழ் பெற்றது விளையாட்டு வீரர்களால் அல்ல. துறைமுகக் கூலிகள், கால்வாய் தோண்டிய தொழிலாளர்கள், கால் வளைந்த ஏழைக் குழந்தைகள் ஆகியோரே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவர்கள்.

அத்தை வீட்டில்

ராபர்ட் ஜோன்ஸ் 1857-ஆம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி வேல்ஸ் நாட்டில் ரில் என்ற ஊரில் பிறந்தார். தந்தை எழுத்தை நம்பிப் பிழைத்தவர். வீட்டில் பணத் தட்டுப்பாடு. 1873-ல், 16-வது வயதில், பையனை லிவர்பூலில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அத்தையின் கணவர் டாக்டர் ஹியூ ஓவன் தாமஸ்.

தாமசின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு வந்த குடும்பம். நம் ஊரில் புத்தூர் கட்டுக்குப் பெயர் போன குடும்பங்களைப்போல என்று வைத்துக்கொள்ளலாம். தாமஸ் முறைப்படி டாக்டருக்குப் படித்தார். ஆனால் குடும்பத்தின் கைப்பக்குவத்தை விட்டுவிடவில்லை. வீட்டிலேயே கொல்லுப் பட்டறையும், தோல் தைக்கிற இடமும் வைத்திருந்தார். நோயாளியின் காலை அளந்து, அதற்கு ஏற்றபடி இரும்புக் கம்பியும் தோல் வளையமும் சேர்த்துக் கட்டுச் சட்டம் செய்து கொடுப்பார். தாமஸ் ஸ்பிளிண்ட் என்று மருத்துவ உலகம் அறிந்த சட்டம் அப்படிப் பிறந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாமஸ் வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும். அன்று ஏழைகளுக்கு இலவச வைத்தியம். தாய்மார்கள் நடக்க முடியாத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நோயுற்ற மூட்டுக்கு அசையாத, நீண்ட ஓய்வு வேண்டும் என்பதே தாமசின் கொள்கை. கத்தி எடுப்பதில் அவசரம் காட்டமாட்டார். 1878-ல் டாக்டர் பட்டம் பெற்ற ஜோன்ஸ், இந்தக் கூட்டத்தின் நடுவில் நின்றுதான் தொழில் பழகினார்.

அங்கே அவர் கண்ட உண்மை ஒன்று உண்டு. குழந்தையின் எலும்பு எளிதில் வளையும். வளர்கிற வயதிலேயே கவனித்தால் எளிதில் நேராகியும் விடும். ஏழையின் குழந்தையோ பெரும்பாலும் தாமதமாகவே வந்து சேருகிறது. அதற்குள் வளைவு நிலைத்துவிடுகிறது. இந்தத் தாமதத்தைக் குறைப்பதுதான் ஜோன்சின் வாழ்நாள் வேலையாயிற்று.

கால்வாய் ஓரத்தில்

1888-ல் மான்செஸ்டர் கப்பல் கால்வாய் வேலைக்கு அவர் தலைமை டாக்டராக நியமிக்கப்பட்டார். 36 மைல் நீளம். வேலை மும்முரமாக நடந்த காலத்தில் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். பாறை வெடி, மண் சரிவு, வண்டி மோதல் என்று தினமும் விபத்து.

ஜோன்ஸ் கால்வாய் நெடுக முதல் உதவி நிலையங்களையும், மூன்று ஆஸ்பத்திரிகளையும் அமைத்தார். வேலைக்காகப் போடப்பட்டிருந்த ரெயில் பாதையிலேயே காயம்பட்டவர்களை ஏற்றிக் கொண்டு வந்தார்கள். விபத்து நடந்த இடத்துக்கு வைத்தியத்தைக் கொண்டு போகும் இந்த ஏற்பாடு அந்தக் காலத்துக்குப் புதிது. எலும்பு முறிந்து கோணலாகக் கூடினால் தொழிலாளிக்கு வேலை போய்விடும். அவன் குடும்பத்துக்குச் சோறு போய்விடும். இதை ஜோன்ஸ் அறிந்திருந்தார்.

1891-ல் மாமா தாமஸ் இறந்தார். ஞாயிற்றுக்கிழமை இலவச வைத்தியம் நிற்கவில்லை. மருமகன் தொடர்ந்து நடத்தினார்.

எக்ஸ்ரே வந்தது

1895 கடைசியில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். சில வாரங்களிலேயே, 1896 பிப்ரவரியில், ஜோன்ஸ் அதைப் பயன்படுத்திவிட்டார். மணிக்கட்டில் துப்பாக்கிக் குண்டு புதைந்த ஒரு சிறுவனை, பேராசிரியர் ஆலிவர் லாட்ஜின் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனார். தேடியும் அகப்படாத குண்டு படத்தில் தெரிந்தது.

1902-ல் அந்தக் கதிர் அவருக்கே உதவியது. நடனமாடிக்கொண்டிருந்தபோது குதிகால் மேலே தூக்கிய நிலையில் பாதம் பிரண்டது. தசை நார் அறுந்திருக்கும் என்று முதலில் நினைத்தார். படம் எடுத்தபோது எலும்பே முறிந்திருந்தது. மேலே எதுவும் விழாமல், வெறும் பிரளலிலேயே இந்த எலும்பு முறியும் என்பதைத் தம்முடைய காலோடு மற்றவர்களின் கால்களையும் சேர்த்து எழுதி வெளியிட்டார். ரத்த ஓட்டம் குறைந்த பகுதியில் முறிவதால் இது மெதுவாகவே கூடும். சுளுக்கு என்று எண்ணித் தொடர்ந்து ஓடுகிறவர்களின் முறிவு கூடாமலே போவதும் உண்டு. அதனால்தான் விளையாட்டு வீரர்களுக்கு டாக்டர்கள் சில சமயம் திருகாணி பொருத்துகிறார்கள்.

தொழுவத்தில் குழந்தைகள்

சிறு வயதிலேயே இடுப்பு எலும்பு கெட்டு ஊனமுற்ற ஆக்னஸ் ஹண்ட் என்ற நர்ஸ், 1900-ல் பாஸ்சர்ச் என்ற கிராமத்தில் ஊனமுற்ற குழந்தைகளுக்கு ஒரு விடுதி தொடங்கினார். நோயாளியாக ஜோன்சிடம் வந்த அவர், பிறகு கூட்டாளியானார். ஒரு பக்கம் திறந்த கொட்டகைகளே வார்டுகள். காற்றும் வெயிலும் தாராளம். எலும்புக் காசநோய், கால் வளையும் ரிக்கெட்ஸ், இளம்பிள்ளை வாதம் ஆகியவற்றால் வாடிய குழந்தைகளை ஜோன்ஸ் லிவர்பூலிலிருந்து வந்து கவனித்தார்.

வீட்டுக்குப் போன குழந்தைகளின் கதி என்ன? கட்டு தளர்ந்தால் பழைய கோணல் திரும்பிவிடும். ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தால் தாய்க்கு ஒரு நாள் கூலி நஷ்டம். ஆகவே சுற்றியுள்ள சிறு ஊர்களிலேயே நர்சுகள் குழந்தைகளைப் பார்க்கும் கிளினிக்குகள் திறக்கப்பட்டன. பின்னாளில் மற்ற பகுதிகளும் இந்த முறையைப் பின்பற்றின.

போர்க்களத்தில்

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. தொடை எலும்பு முறிந்த சிப்பாய்கள், தூக்கி வரும் வழியிலேயே ரத்தம் போய் மாண்டார்கள். மாமாவின் பழைய கம்பிச் சட்டத்தைப் போர்முனையிலேயே மாட்ட வேண்டும் என்று ஜோன்ஸ் வற்புறுத்தினார். இருட்டிலும் மாட்டத் தெரிய வேண்டும் என்பதற்காக, ஸ்டிரெச்சர் தூக்குவோர் கண்ணைக் கட்டிக்கொண்டு பழகினார்கள். இத்தகைய காயத்தில் ஐந்து பேரில் நால்வர் இறந்த நிலை மாறி, ஐவரில் ஒருவர் என்ற அளவுக்கு வந்ததாக ராணுவ டாக்டர்கள் கணக்கிட்டனர்.

ஊனமுற்ற சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே தொழிற்பட்டறைகள் வைத்தார். வேலை செய்யும் கைதான் சீக்கிரம் குணமாகும் என்பது அவர் கருத்து. 1917-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது.

மறைவு

பாஸ்சர்ச் விடுதி 1921-ல் ஆஸ்வெஸ்ட்ரிக்கு மாறியது. இன்று அது ராபர்ட் ஜோன்ஸ், ஆக்னஸ் ஹண்ட் இருவர் பெயரையும் தாங்கிய பெரிய எலும்பு ஆஸ்பத்திரி. லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் அவர் காலத்தில் தொடங்கிய எலும்பு மருத்துவப் பட்டத்தை இந்திய டாக்டர்கள் பலர் படித்து வந்து, நம் நாட்டில் அந்தத் துறையை வளர்த்தார்கள்.

1933 ஜனவரி 14-ந் தேதி, 75-வது வயதில் ஜோன்ஸ் காலமானார். அவரது அஸ்தி லிவர்பூல் தேவாலயத்தில் வைக்கப்பட்டது.

மருந்துகள் மாறிவிட்டன, கருவிகள் மாறிவிட்டன. அவர் கண்ட உண்மை மாறவில்லை. குழந்தை காரணம் தெரியாமல் நொண்டினாலும், மூட்டு வீங்கினாலும், விழுந்தபின் காலை ஊன்ற மறுத்தாலும், எண்ணெய் தடவி நாளைக் கடத்தாமல் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். அரசு ஆஸ்பத்திரியிலும், ரெயில்வே ஆஸ்பத்திரியிலும் அதற்குப் பிரிவு இருக்கிறது. அரை நாள் சம்பளம் போனால் மறுபடி சம்பாதிக்கலாம். வளரும் வயது போனால் திரும்ப வராது.