வள்ளல் அழகப்பர்

தகடூர் என்பது தருமபுரியின் பழம்பெயர். அந்நகரிலிருந்து ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, உண்டாரை நெடுநாள் வாழ்விக்கும் அருநெல்லிக்கனி ஒன்றைப் பெற்றான். அதனைத் தான் உண்ணாது, அதன் சிறப்பையும் எடுத்துரையாது, ஔவையார்க்கு ஈந்தான். தன் வாழ்நாளினும் புலமையின் வாழ்நாள் நீளுதல் வேண்டும் என்பது அவன் கருத்து. பொன்னும் பொருளும் வழங்கியோர் நம் நாட்டில் பலர். அறிவு வாழும் பொருட்டு வழங்கியோர் சிலரே. அச்சிலருள் ஒருவராக இருபதாம் நூற்றாண்டில் விளங்கியவர் டாக்டர் அழகப்பச் செட்டியார் ஆவார்.

அழகப்பர் 1909ஆம் ஆண்டு ஏப்பிரல்த் திங்கள் 6ஆம் நாள் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தார். வணிகக் குடியில் பிறந்த இளைஞர் கணக்கு வழக்குகளைக் கற்றுக்கொண்டு, பருமா, மலேயா முதலிய நாடுகளுக்குத் தொழில் செய்யச் செல்வதே அந்நாளைய வழக்கம். அழகப்பரோ கல்வியை நாடினார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். இலண்டனில் வங்கித்தொழிலில் பயிற்சி பெற்றார். விமானம் ஓட்டவும் கற்றார். புதியது எதுவாயினும் அதனைத் தாமே செய்து பார்த்து அறியும் ஆர்வம் இளமையிலேயே அவர்பால் அமைந்திருந்தது.

தாயகம் திரும்பியபின் அவர் பல தொழில்களில் ஈடுபட்டார். திருச்சூருக்கு அருகில் அவர் நிறுவிய நெசவாலையைச் சூழ்ந்த ஊர் இன்றும் அழகப்பநகர் என்றே வழங்குகின்றது. விமானப் போக்குவரத்துக் குழுமம் ஒன்றையும் அவர் நடத்தினார். செல்வம் பெருகியது. ஆயின் அச்செல்வத்தைச் சேமித்து வைப்பதில் அவர் மனம் செல்லவில்லை. வளரும் நாட்டிற்குத் தேவையானவர் தொழில்நுட்பம் கற்ற இளைஞர் என்பதை அவர் உணர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் 1944ஆம் ஆண்டில் கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றைத் தொடங்கியபொழுது, அதற்கு 5 இலட்சம் ரூபாய் வழங்கினார். அக்கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு விழா நடந்தது. அதில் பேசிய துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார், செல்வர்கள் கல்லூரிகள் நிறுவ முன்வருதல் வேண்டும் எனக் கேட்டுக்கொண்டார். அவையில் இருந்த அழகப்பர், காரைக்குடியில் ஒரு கல்லூரி தொடங்குவதாக அப்பொழுதே அறிவித்தார். சில வாரங்களுக்குள் கல்லூரி தொடங்கிற்று. அதனைத் தொடர்ந்து பள்ளிகளும் பிற கல்லூரிகளும் அங்கு எழுந்தன. 1952ஆம் ஆண்டில் பொறியியல் கல்லூரியும் தோன்றியது.

அந்நாளில் இந்திய அரசு நாடெங்கும் தேசிய ஆய்வுக்கூடங்களை அமைக்கத் திட்டமிட்டிருந்தது. அவற்றுள் ஒன்று மின்வேதியியல் ஆய்வுக்கூடம். மின்சாரத்தின் துணையால் பொருள்களில் வேதிமாற்றம் நிகழ்த்துதலையும், வேதிமாற்றத்தினின்று மின்சாரம் பெறுதலையும் ஆராய்வது மின்வேதியியல். உப்புநீரிலிருந்து எரிசோடா எடுத்தல், அலுமினியம் பிரித்தல், உலோகங்களுக்கு முலாம் பூசுதல், மின்கலம் செய்தல், இரும்பைத் துருவினின்று காத்தல் ஆகியன யாவும் அதன்பாற்படும். இத்தகைய ஆய்வுக்கூடம் பெருநகரில்தான் அமைதல் இயலும் எனப் பலரும் எண்ணக்கூடும். அழகப்பரோ 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அளித்து, அதனைக் காரைக்குடிக்குக் கொணர்ந்தார். 1948ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 25ஆம் நாள் தலைமையமைச்சர் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு பொங்கல் நாளன்று டாக்டர் இராதாகிருட்டிணன் அதனைத் திறந்துவைத்தார். வறண்ட நிலத்தில் ஓர் அறிவுக்கேணி ஊறியது.

அக்கேணியின் நீர் மாணவர்க்கும் பாய்ந்தது. 1988ஆம் ஆண்டில், அவ்வாய்வுக்கூடத்திற்குள்ளேயே பொறியியல் இளநிலைப் பட்டப்படிப்புத் தொடங்கப்பெற்றது. மாணவர்களே! இதன் அருமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர் செய்யும் சோதனைகள், விடை முன்னரே அறியப்பட்டவை. விடை பிழைத்தால் மாணவர் பிழைத்தார் என்பதே பொருள். ஆராய்ச்சியோ விடை அறியப்படாத வினாவைத் தொடுப்பது. அங்கு ஒரு சோதனை பொய்ப்பதும் ஒரு பாடமாகும். அவ்வனுபவம் முதுநிலைப் பட்டம் பெற்றார்க்கே உரியது என நெடுங்காலம் கருதப்பட்டது. காரைக்குடியிலோ அறிவியலாளரே ஆசிரியராக நின்று, அப்பேற்றினை இளநிலை மாணவர்க்கும் அளித்தனர். தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரில் பிறந்தவரும் தம் மதிப்பெண்ணைக் கொண்டு பொதுக் கலந்தாய்வின் வழியாக அங்குச் சேரலாயினர்.

இதனால் சிற்றூர்க்கு என்ன பயன் என வினவலாம். தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அந்நீரைப் பருகினோரின் பற்கள் கறை படிந்தன, எலும்புகள் நலிந்தன. இக்கேட்டை நீக்கவே காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ஆம் ஆண்டில் பயனுக்கு வந்தது. ஃபுளோரைடை நீக்க மின்வேதியியலும் ஒரு வழி காட்டுகின்றது. நீரில் அலுமினியத் தகடுகளை நிறுத்தி மின்சாரம் செலுத்தினால், உலோகம் சிறிது கரைந்து பஞ்சு போன்ற திரளாகும். ஃபுளோரைடு அத்திரளில் ஒட்டிக்கொண்டு அடியில் படியும். காரைக்குடி அறிவியலாளர் இத்துறையில் ஆய்வு செய்துள்ளனர். கறை படிந்த பற்களைத் தன் தெருவிலேயே கண்டு வளர்ந்த மாணவன் ஒருவன் அத்தகைய ஆய்வுக்கூடத்தில் நுழைவானாயின், அவன் தொடுக்கும் வினா பிறர் தொடுக்கும் வினாவினும் கூர்மையுடையதாய் இருக்கும் அன்றோ? ஆய்வின் கதவு எல்லா ஊர் மாணவர்க்கும் திறத்தல் வேண்டும் என்பது இதனாலேயே.

அழகப்பரின் பிற்கால வாழ்வு துன்பம் நிறைந்தது. நோய் அவர் உடலை நெடுநாள் வருத்திற்று. எனினும் அவர்தம் கொடை குன்றவில்லை. 1956ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்துச் சிறப்பித்தது. 1957ஆம் ஆண்டு ஏப்பிரல்த் திங்கள் 5ஆம் நாள், தம் நாற்பத்தெட்டாம் ஆண்டு நிறைவுக்கு ஒரு நாள் முன்னர், அவர் மறைந்தார்.

அவர் தந்த ஆய்வுக்கூடத்தில் இளநிலை மாணவர் சிலரே இடம் பெறுதல் இயலும். ஆவல் உடையாரோ பல்லாயிரவர். ஒரு கூடத்தின் கதவு போதாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் அத்தகைய கதவுகள் திறத்தல் வேண்டும். ஆய்வுக்கூடம் தம் ஊர்க்குத் தானே வரும் எனக் காத்திராது, நிலமும் பொருளும் தந்து அதனை அழைத்து வந்தவர் அழகப்பர். அதியமான் தந்த நெல்லிக்கனி ஒருவர்க்கே உரியதாயிற்று. அழகப்பர் தந்த கனியோ தலைமுறைதோறும் பகிர்ந்து உண்ணத்தக்கது. அதனை மேலும் பலர்க்குப் பகிர்ந்தளிப்பதே அவர்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.